நோயாளியைப் பட்டினி போட்டால் புற்று சாகுமா?

"வாப்பாவுக்குப் புற்றுநோய். இனிமேல் சோறு, பழம் எதுவும் கொடுக்கக் கூடாதாமே? சர்க்கரை கிடைக்காவிட்டால் புற்று தானாகச் செத்துவிடுமாமே?" மருத்துவ உதவி கேட்டு வரும் குடும்பத்தார் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கைபேசியில் சுற்றி வரும் செய்திகளை நம்பி, ஏற்கெனவே மெலிந்துபோன நோயாளியின் உணவைக் குறைப்பவர்களும் உண்டு. ஆகவே இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

இந்தப் பேச்சுக்கு ஒரு வேர் உண்டு. புற்றுச் செல்கள் குளுக்கோஸை மிக அதிகமாக எடுத்துக்கொள்வதை ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களில் கண்டறிந்தார். போதிய ஆக்ஸிஜன் இருந்தாலும் அவை குளுக்கோஸை முழுவதும் எரிப்பதில்லை. லாக்டிக் அமிலமாக மாற்றி வெளியே தள்ளுகின்றன. இது உண்மைதான். ஆனால் செய்தி அனுப்புவோர் மறுபாதியைச் சொல்வதில்லை. புற்றை எதிர்த்து நிற்கும் நம் டி செல்களும் போராடும் வேளையில் இதே வழியில்தான் குளுக்கோஸைச் செலவழிக்கின்றன.

டி செல் என்பது ஒரு வகை வெள்ளை அணு. எலும்பு மஜ்ஜையில் தோன்றி, நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் பக்குவப்படுகிறது. வேலை இல்லாத நாட்களில் மிகச் சிக்கனமாக வாழும். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய அடுப்புகள் உள்ளன. அவற்றில் குளுக்கோஸையும் கொழுப்பையும் சிறிது சிறிதாக எரித்துக்கொள்ளும். எதிரியை அடையாளம் கண்டதும் நிலைமை மாறிவிடும். சில நாட்களுக்குள் ஒரு செல் ஆயிரக்கணக்கில் பெருக வேண்டும். அதற்கு மூலப்பொருள் தேவை. எனவே குளுக்கோஸை வேகமாக உள்ளே இழுக்கிறது. நோய் தீர்ந்ததும் பெரும்பாலானவை மடிந்துவிடும். எஞ்சும் நினைவுச் செல்கள் பழைய சிக்கனத்துக்குத் திரும்பிப் பல ஆண்டுகள் காவல் இருக்கும்.

நோய் தீராமல் நீடித்தால்? ஓய்வின்றித் தூண்டப்படும் டி செல் களைத்துப்போகிறது. மைட்டோகாண்ட்ரியா பழுதடைகிறது. மேற்பரப்பில் பி.டி.-1 என்ற பிரேக் பெருகி, குளுக்கோஸைப் பயன்படுத்துவதையும் மட்டுப்படுத்துகிறது. செல் உயிரோடு இருக்கும். தாக்கும் வலுதான் இருக்காது. கட்டிக்குள் நிலைமை இன்னும் மோசம். அங்கே ரத்த ஓட்டம் சீராக இராது. ஆக்ஸிஜன் குறைவு, லாக்டிக் அமிலம் மிகுதி. குளுக்கோஸுக்கான போட்டியில் புற்றுச் செல்கள் முந்திக்கொண்டால் டி செல்கள் செயலிழப்பதை, எலிகளில் நடந்த ஆய்வுகள் 2015-ல் காட்டின.

களைத்த செல்லை எழுப்ப முடியுமா? ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் ரஃபி அகமதுவும் அவர் குழுவினரும் 2006-ல் இதற்கு விடை தந்தனர். நாள்பட்ட வைரஸ் தொற்று உள்ள எலிகளில் பி.டி.-1 பாதையைத் தடுத்தபோது, களைத்த டி செல்கள் மீண்டும் வேலை செய்தன. இத்தகைய பிரேக்குகளை விடுவிக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வழி திறந்ததற்காக ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. எனினும் இம்மருந்துகள் எல்லோருக்கும் பலிப்பதில்லை. அதற்கான காரணங்களில் ஒன்று மேலே சொன்னதுதான்: பிரேக்கை விடுவித்தாலும் இன்ஜின் பழுதாக இருந்தால் வண்டி ஓடாது.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். உணவை நிறுத்தினாலும் ரத்தத்தில் குளுக்கோஸ் அற்றுப்போகாது. தசையை உருக்கியாவது கல்லீரல் அதைத் தயாரித்துக் கொடுக்கும். ஆக, பட்டினி கிடப்பது புற்று அல்ல, நோயாளி. உடல் மெலிந்தவரால் கீமோ சிகிச்சையைத் தாங்குவதும் கடினம். "எதிர்ப்புச் சக்திப் பொடி" என்று விலை கூறி விற்கப்படும் எதுவும் களைத்த டி செல்களை மீட்பதாக நிரூபிக்கப்படவில்லை. அவற்றில் சில கல்லீரலைப் பாதிக்கலாம், மருந்தோடு மோதலாம்.

எனவே குடும்பத்தாருக்கு நாம் சொல்வது இதுதான். கஞ்சி, முட்டை, மீன், பருப்பு என நோயாளிக்கு இறங்குவதைச் சிறுகச் சிறுகப் பல வேளையாகக் கொடுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவைப் பின்பற்றுங்கள். வாரம் ஒரு முறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். குறைந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்தப் பொடியையும் வாங்குவதற்கு முன் அவரிடம் காட்டுங்கள். அந்தப் பணம் சிகிச்சைக்கும் நல்ல உணவுக்கும் உதவட்டும்.