வீட்டு இணைய இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படுதல்: பழுதைக் கண்டறியும் முறை

வீட்டில் இணையம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென நின்று, சிறிது நேரத்தில் தானாகவே மீள்வது நிலையற்ற இணைப்பு எனப்படும். முற்றிலும் அறுந்துபோன இணைப்பைவிட இதன் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம். பழுது பார்ப்பவர் வந்து நிற்கும்போது பெரும்பாலும் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். இணையவழித் தேர்வு எழுதும் மாணவருக்கும், விண்ணப்பத்தின் கடைசி நாளில் சான்றிதழ் பதிவேற்றுபவருக்கும் அந்தச் சில நொடித் தடையே பெரிய இழப்பாகிவிடும்.

இணையம் இரண்டு கட்டங்களாக நம்மிடம் வருகிறது. தெருவிலிருந்து ரூட்டர் வரை கண்ணாடி இழை. ரூட்டரிலிருந்து கைபேசி அல்லது கணினி வரை வைஃபை. பழுது எந்தக் கட்டத்தில் என்று தெரியாமல் எதை மாற்றினாலும் அது குருட்டு வைத்தியம்தான்.

இதைப் பிரித்தறிய, கணினியை லேன் கேபிள் மூலம் நேரடியாக ரூட்டரில் இணைத்துப் பார்க்க வேண்டும். கேபிளில் சீராக ஓடினால் குறை வைஃபையில் உள்ளது. இன்னும் துல்லியமாக அறிய 'பிங்' என்னும் கட்டளை உதவும். விண்டோஸ் கணினியில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் (பல வீடுகளில் 192.168.1.1, ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்), மற்றொன்றில் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கும் பிங் கொடுக்க வேண்டும். இறுதியில் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ஆங்கில 'டி' எழுத்தும் சேர்த்தால் நாம் நிறுத்தும்வரை அது ஓடும். தடை வரும்போது ரூட்டர் பதில் தந்து, 8.8.8.8 மட்டும் நின்றால் பழுது பெரும்பாலும் வெளியே. கேபிளில் இணைத்திருந்தும் இரண்டும் நின்றால், ரூட்டரே அணைந்து எழுகிறதா என்று அதன் விளக்குகளைக் கவனிக்க வேண்டும்.

அப்படி அணைந்து எழுந்தால் முதலில் அடாப்டரைச் சந்தேகிக்கலாம். புதியது வாங்கும்போது வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஏற்கும் அந்தக் கண நேரத்தில்கூட சில ரூட்டர்கள் அணைந்து, மீண்டு வர ஓரிரு நிமிடம் எடுக்கும். ரூட்டருக்கென விற்கும் சிறிய யுபிஎஸ் இதைத் தீர்க்கும்.

வைஃபையில் குறை என்றால் ரூட்டரின் இடத்தைப் பாருங்கள். இரும்பு பீரோவுக்கு மேலும் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் அதை ஒளித்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அலைக்கு உலோகம் பெரும் தடை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டிச் செல்லும். ஆனால் அண்டை வீட்டு ரூட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. நெரிசல் இருந்தால் 1, 6, 11 ஆகிய, ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல்களில் ஒன்றுக்கு மாற்றலாம். ஒரே அறையில் அமர்ந்து படிப்பவருக்கு 5 கிகாஹெர்ட்ஸ் நல்லது.

கண்ணாடி இழைக்குள் ஒளி செல்வது, பள்ளி இயற்பியலில் படிக்கும் முழு அக எதிரொளிப்பால். இழையை இறுக்கமாக வளைத்தால் அந்த எதிரொளிப்பு குலைந்து ஒளி கசிந்துவிடும். ஆணியில் சுற்றித் தொங்கவிட்ட இழையும், கதவிடுக்கில் நசுங்கும் இழையும் இப்படித்தான் தொல்லை தருகின்றன. 'எல்ஓஎஸ்' என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இழையைக் கழற்றித் துடைப்பதும், அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதும் கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

ரூட்டரை அணைத்துப் போடுவதில் தவறில்லை. ஆனால் ஊசியால் அழுத்தும் ரீசெட் பொத்தானைத் தொட வேண்டாம். நிறுவனம் பதிந்து வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்து, அரைகுறையாக வந்த இணைப்பும் போய்விடும்.

பழுது வெளியே என்று உறுதியானால், தடை வந்த தேதி, நேரம், கேபிளிலும் வந்ததா, எந்த விளக்கு எரிந்தது என்பவற்றை இரண்டு நாள் குறித்து, அதையே புகாரில் எழுதுங்கள். "நெட் சரியில்லை" என்ற புகாருக்கு "ரூட்டரை அணைத்துப் போடுங்கள்" என்ற பதிலே பெரும்பாலும் வரும். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, தீர்வு கிடைக்காதவர் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்ல அந்த எண் தேவைப்படும்.