அம்பு போன பிறகு

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை மாலை, மேடிசன் நகரத்துக்கு மேற்கே ஒரு பழைய பால் பண்ணையின் கொட்டகையில் எட்டுப் பேர் கூடுவோம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி. உள்ளே விறகு அடுப்பு, அதன்மேல் மான்கறியும் பீன்ஸும் கொதிக்கும் பெரிய சட்டி, சுவரோரம் இரண்டு ஃப்ரீசர்கள். பண்ணைக்காரர் எழுபத்தைந்தைத் தாண்டியவர். மாடுகளை விற்றுவிட்டு நிலத்தை மட்டும் வைத்திருக்கிறார். ஒரு நர்ஸ், ஒரு பள்ளி ஆசிரியர், கூரை வேய்கிறவர் ஒருவர், அவருடைய பதினாறு வயது மகன் என்று மற்றவர்களில் சிலர். நான் மேலூர்ப் பக்கத்துக்காரன். கம்ப்யூட்டர் வேலைக்காக விஸ்கான்சினுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. வில்லைக் கையில் எடுத்து இது ஒன்பதாவது பருவம்.

இங்கே வில்லால் மான் வேட்டையாடும் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கிப் பொதுவாக ஜனவரி தொடக்கத்தில் முடியும். முடிந்த கையோடு இந்தக் கூட்டம். எத்தனை மான் கிடைத்தது என்று யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. எல்லார் கையிலும் கிண்ணம் வந்ததும் பெரியவர் கேட்பார்: “இந்த வருஷம் எந்த மான் உங்களைத் தூங்கவிடவில்லை?”

என் முறை வந்தபோதெல்லாம் நான் சொல்வது மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரே மானைத்தான். அதை இங்கேயும் சொல்கிறேன். அதற்கு முன்னால், ஊரிலிருக்கும் என் அக்கா போனில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். “மானைக் கொல்ல உனக்கு எப்படிடா மனசு வருது?”

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அது அப்படியே இருக்கவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அமெரிக்காவின் கதை வேறு. தோலுக்கும் இறைச்சிக்கும் வரைமுறையில்லாமல் சுட்டுத் தள்ளியதில் 1900 வாக்கில் இங்குள்ள வெள்ளைவால் மான்கள் சுமார் 5 லட்சமாகச் சுருங்கிவிட்டன. அந்த ஆண்டே, திருட்டு வேட்டைப் பொருளை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தி விற்பதைத் தடுக்கும் லேசி சட்டம் வந்தது. 1937இல் இன்னொரு சட்டம் வந்து, வேட்டைத் துப்பாக்கிகள் மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கியது. 1970களில் வில்லும் அம்பும் அதில் சேர்ந்தன. நான் வாங்கிய வில்லுக்கும் 11 சதவீத வரி போயிருக்கிறது. இன்று நாடு முழுவதும் ஏறக்குறைய 3 கோடி மான்கள். விஸ்கான்சினில் ஓநாய்களை மனிதர்கள் 1960க்குள் ஒழித்துவிட்டார்கள். பிறகு திரும்பி வந்தவை பெரும்பாலும் வடக்குக் காடுகளில்தான். எங்கள் தென்பகுதியில் மான் கூட்டம் காட்டின் இளங்கன்றுகளை முளையிலேயே மேய்ந்துவிடுகிறது. ஆகவே எந்த நாட்களில், எந்த மானை எடுக்கலாம் என்று அரசே கணக்கிட்டு அனுமதிச் சீட்டுத் தருகிறது. அக்காவுக்கு இவ்வளவையும் சொன்னேன். “சரி, ஆனா மனசு?” என்றாள். அந்தக் கேள்விக்குப் புள்ளிவிவரத்தில் பதில் இல்லை.

துப்பாக்கிப் பருவம் தனி. நவம்பரில் தாங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். அப்போது இந்த மாநிலமே ஆரஞ்சு நிறச் சட்டையில் காட்டுக்குள் போகும். வில்லுக்கென்று தனிப் பருவம் நவீன அமெரிக்காவில் முதன்முதலாகக் கிடைத்ததும் இங்கேதான், 1934இல். அந்த மண்ணில் அப்போது வில்லும் கையுமாக இருந்தவர்களில் ஒருவர் ஆல்டோ லியோபோல்ட், காட்டுயிர் மேலாண்மையை ஒரு துறையாக வளர்த்த பேராசிரியர். வில்லைத் தானே செதுக்கிக்கொண்டவர். அவர் மனைவி எஸ்டெல்லா மாநில மகளிர் வில்வித்தைப் போட்டிகளில் வென்றவர்.

ஆனால் இந்தக் கலை லியோபோல்டிடம் தொடங்கவில்லை. 1911 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு ஒரு மனிதர் பசியோடு தனியாக வந்து சேர்ந்தார். வெள்ளைக் குடியேறிகள் கொன்று தீர்த்த யாஹி பழங்குடியில் எஞ்சிய கடைசி ஆள். தன் பெயரை அவர் சொல்லவேயில்லை. அவர் மொழியில் ‘மனிதன்’ என்று பொருள்படும் ‘இஷி’ என்ற சொல்லால் அவரை அழைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் அவரைக் குடிவைத்தார்கள். அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப் என்ற டாக்டர், அவரிடமே வில் செய்யவும் வேட்டையாடவும் கற்றுக்கொண்டார். இஷி 1916இல் காசநோயால் இறந்தார். போப் 1923இல் எழுதிய வேட்டை நூல் நாடெங்கும் இளைஞர்கள் கையில் வில்லைக் கொடுத்தது. நாங்கள் கொட்டகையில் உட்கார்ந்து பேசும் ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால் அந்த அழிக்கப்பட்ட குடி இருக்கிறது. பெரியவர் தன் அடுப்புக்கு மேலே இஷியின் புகைப்படம் ஒன்றை மாட்டியிருக்கிறார். அதைப் பார்க்காமல் நான் கிண்ணத்தில் கை வைப்பதில்லை.

இனி என் மான்.

அக்டோபர் 29, மாலை. ஓக் மரத்தில் பதினெட்டு அடி உயரத்தில் என் பரண். நம் ஊரில் சோளக்கொல்லைக் காவலுக்குக் கட்டுவதைவிடச் சின்னது. ஒருவர் உட்காரும் இரும்புத் தட்டு, அவ்வளவுதான். உடம்பைச் சுற்றிய வார், மரத்தோடு பிணைத்திருக்கும். (கூரைக்காரர் ஒரு வருஷம் அந்த வாரை மாட்டாமல் ஏறி, விழுந்து, இரண்டு குதிகாலும் நொறுங்கி நாலு மாதம் படுத்திருந்தார். வேலையில் ஒருநாளும் கயிறு கட்டாமல் கூரையில் நிற்காத மனிதர். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருஷம் தவறாமல் அதைச் சொல்வார்.) காற்று மேற்கிலிருந்து. மான் கண்ணைக்கூட ஏமாற்றிவிடலாம், மூக்கை முடியாது. ஆகவே அது வரும் பாதைக்குக் கிழக்கே ஏறியிருந்தேன்.

அக்டோபர் கடைசியில் பகல் குறையக் குறைய மான்களுக்கு இணைசேரும் பருவம் நெருங்கும். மறைந்தே திரியும் ஆண்மான்கள் அப்போதுதான் வெளிச்சத்தில் நடமாடும். மண்ணைக் குளம்பால் கீறும், இளமரங்களில் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரிக்கும். சூரியன் மறையச் சற்று முன்னால் ஒன்று வந்தது. எட்டுக் கிளைக் கொம்பு. இருபத்துநாலு கெஜத்தில் பக்கவாட்டில் நின்றது. வில்லை இழுத்தேன். என்னுடையது காம்பவுண்ட் வில். 1960களில் மிசௌரிக்காரர் ஹாலஸ் ஆலன் கண்டுபிடித்தது. அதன் உருளைகள் முழு இழுப்பில் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். அறுபது பவுண்டு இழுத்தாலும் பிடித்து நிற்கப் பன்னிரண்டு பவுண்டு பலம் போதும். அந்த வசதி நமக்கு ஒரு நிதானத்தைத் தரும். தந்தது. குறி நுரையீரலில் நின்றது. விட்டேன்.

என் அம்பு நொடிக்கு ஏறத்தாழ 280 அடி போகும். நாணின் ஓசை நொடிக்கு 1,100 அடிக்கு மேல். எழுபத்திரண்டு அடி தூரத்தைக் கடக்க அம்புக்குக் கால் நொடி ஆகும். ஓசை அதற்கு முன்பே, நொடியில் பதினைந்தில் ஒரு பங்கில் மான் காதைத் தொட்டுவிடும். மிச்சமிருக்கும் அந்த இடைவெளியில், பாய்வதற்காக மான் தன் கால்களை மடக்கித் தாழும். இந்தக் கணக்கெல்லாம் பிறகு வீட்டில் போட்டது. அன்று நான் கண்டது, மான் தாழ்ந்து திரும்பியதும் அம்பு பின்னால் தள்ளிப் பாய்ந்ததும்தான்.

இறங்கி அம்பை எடுத்துப் பார்த்தேன். எங்கள் நர்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள்: நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், அரைமணி பொறுத்துப் போனால் போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், சில மணி நேரம் காத்திரு. பச்சையும் பழுப்புமாக ஒட்டியிருந்து நாறினால் குடல். அப்போது சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடவேண்டும். எட்டு மணியோ பன்னிரண்டு மணியோ கழித்துத்தான் தேட வரவேண்டும். விட்டுவிட்டால் மான் பக்கத்திலேயே படுத்து அங்கேயே உயிர்விடும். துரத்தினால் எழுந்து ஓடும். ரத்தம் சிந்தாமல் வெகுதூரம் போய்விடும்.

என் அம்பில் பச்சை இருந்தது. நாற்றமும் இருந்தது. ஆனால் நள்ளிரவில் மழை என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. மழை வந்தால் தடம் அழிந்துவிடுமே என்ற பதற்றத்தில் ஒரு மணி நேரத்திலேயே டார்ச்சோடு நுழைந்தேன். எண்பது கெஜம் கூடப் போகவில்லை. இருட்டில் ஏதோ எழுந்து சுள்ளிகள் முறிய ஓடும் சத்தம் கேட்டது. படுத்திருந்த இடத்தில் புல் இன்னும் சூடாக இருந்தது. என் உள்ளங்கையை அதில் வைத்துப் பார்த்தேன்.

மறுநாள் வேலைக்கு லீவு சொன்னேன். பெரியவர், நர்ஸ், ஆசிரியர், கூரைக்காரர் எல்லாரும் யாரும் கூப்பிடாமலே வந்து நின்றார்கள். அடுத்த நிலத்துக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேட்டோம். அது இல்லாமல் உள்ளே போகக் கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நின்று புதர் புதராக நடந்தோம். அதற்கு அடுத்த நாள், மோப்பம் பிடிக்கும் நாயைக் கயிற்றில் பிடித்தபடி ஒருவர் அறுபது மைல் தள்ளி இருந்து வந்தார்; பெட்ரோல் காசுகூட வாங்க மறுத்துவிட்டார். மழை எல்லாவற்றையும் கழுவியிருந்தது. நாலாம் நாள் காக்கைக் கூட்டம் காட்டிக்கொடுத்தது. ஓடைக்கரையில், நாங்கள் தேடிய எல்லைக்கு இருநூறு கெஜம் அப்பால், கயோட்டிகள் தின்றது போக மிச்சம் கிடந்தது.

அந்த மானை என் கணக்கில் எழுதிக்கொண்டேன். என் அனுமதிச் சீட்டு இன்னும் செல்லும் என்று ஒரு நண்பர் சொன்னார். வில்லைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அந்த வருஷம் திறக்கவில்லை.

இந்தக் கதையைக் கொட்டகையில் முதல்முறை சொன்னபோது யாரும் ஆறுதல் சொல்லவில்லை. பெரியவர் மட்டும், “மழையை நம்பியிருக்கலாம், பதற்றத்தை நம்பியிருக்கக் கூடாது” என்றார். பிறகு தன்னுடைய 1978ஆம் வருஷத்து மானைச் சொன்னார். அதுவும் குடல்தான்.

இந்த முறை நர்ஸ் சொன்னது வேறு மாதிரி. நவம்பர் 9, பெண்மானைத் துரத்திக்கொண்டு பெரிய ஆண்மான் ஒன்று அவள் பரணுக்கு அடியிலேயே வந்து நின்றது. முழு இழுப்பில் இரண்டு நிமிடம் நின்றாள். நெஞ்சுக்கு நேரே விரல் தடிமன் கிளை ஒன்று. மான் அசையவில்லை. கை நடுங்கத் தொடங்கியதும் நாணை மெல்லத் திரும்ப விட்டுவிட்டாள். இருபது வருஷத்தில் அவள் பார்த்த பெரிய கொம்பு அது. மற்ற எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினோம்.

கூரைக்காரரின் மகன் கடைசியாகப் பேசினான். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பொதுவாக இங்கே வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தால்தான் சீட்டு வாங்க முடியும், அவனும் முடித்திருந்தான். முதல் மான். சுத்தமான அம்பு, அறுபது கெஜத்துக்குள் விழுந்தது. தலையைப் பரிசோதனைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தான். முடிவு வந்தது: உருக்கி நோய். பிரியான் என்ற திரிந்த புரதத்தால் மானின் மூளையை அரித்து உருக்குலைக்கும் இதற்கு மருந்தில்லை. விஸ்கான்சினில் 2002இல், எங்கள் கொட்டகைக்குப் பக்கத்து ஊரான மவுண்ட் ஹோரப் அருகேதான் முதலில் தெரியவந்தது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள மானின் இறைச்சியைச் சாப்பிடவேண்டாம் என்பதே சுகாதாரத் துறையின் அறிவுரை. ஃப்ரீசரில் அடுக்கியிருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைக் கிடங்குக்குப் போகும் பையில் அவனே கட்டினான். “அது நோயோடு எத்தனை நாள் நடந்திருக்கும்?” என்று கேட்டான். அவன் அப்பா அவன் முதுகில் கை வைத்தார்.

பரிசோதனைக்குக் காசு கிடையாது. ஆனாலும் தலையைக் கொடுக்காமல் இறைச்சியைப் பங்கிட்டுத் தின்பவர்கள் இருக்கிறார்கள். அது சோம்பல், அடுத்தவர் பிள்ளையின் தட்டில் வைக்கிற சோம்பல். அதை எந்தக் கூட்டத்திலும் எழுந்து சொல்லத் தயங்கமாட்டேன்.

இந்தப் பருவத்தில் முப்பத்தொரு நாள் பரணில் உட்கார்ந்தேன். அம்பு விட்டது ஒரே ஒரு முறை, நவம்பர் 15 காலை, பதினெட்டு கெஜத்தில் ஒரு பெண்மான். அம்பில் இளஞ்சிவப்பு நுரை. கடிகாரத்தைப் பார்த்தபடி அரைமணி கீழே இறங்காமல் இருந்தேன். நாற்பது கெஜத்தில் கிடந்தது. பதினோராம் நாள் பரிசோதனை முடிவு வந்தது: நோய் இல்லை. கொட்டகையில் அன்று சட்டியில் கொதித்தது அந்த மான்தான்.