இளமை விற்கும் கடையில் மாதிரித் துண்டும் சரக்கும்

முதுமையைத் தள்ளிப் போடும் ஹோர்மோன் என்று சொல்லி ஊசி, மாத்திரை, நாக்குக்கு அடியில் அடிக்கும் ஸ்பிரே என்று பலவற்றை விற்கிறார்கள். அறுபதை நெருங்கும் என் வயதுக்காரர்களைக் குறிவைத்த வியாபாரம் இது. நான் வைத்தியன் அல்ல. ஆனால் காட்டிய மாதிரித் துண்டு ஒன்று, வந்து இறங்கிய துணி வேறொன்று என்றால் அதற்கு என்ன பெயர் என்பது துணி விற்பவனுக்குத் தெரியும்.

இந்த வியாபாரத்தின் மாதிரித் துண்டு 1990 ஜூலையில் வெளிவந்தது. அமெரிக்காவின் டானியல் ரட்மன் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும், 61 முதல் 81 வயது வரையான 21 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வை 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்' சஞ்சிகையில் வெளியிட்டனர். 12 பேருக்கு ஆறு மாதம், வாரம் மூன்று தடவை வளர்ச்சி ஹோர்மோன் ஊசி ஏற்றப்பட்டது. கொழுப்பு நீங்கிய உடல் எடை 8.8 வீதம் கூடியது, கொழுப்பு 14.4 வீதம் குறைந்தது. இந்த மாற்றம் 10 முதல் 20 வருட முதுமைக்குச் சமமானது என்ற கருத்தில் ஒரு வரியும் அதில் இருந்தது. விற்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

இனி சரக்கைப் பார்ப்போம். வளர்ச்சி ஹோர்மோன் 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். விழுங்கினால் இறைச்சித் துண்டைப் போல வயிற்றில் செரித்துப் போகும். அதனால்தான் அதை ஊசியாக ஏற்றுகிறார்கள். ஊசிக்குச் செய்த ஆய்வைக் காட்டி மாத்திரை விற்றால் அது வேறு துணி. தன் கட்டுரை இப்படி விளம்பரமாவதைக் கண்டு, அந்தச் சஞ்சிகையே 2003இல் ஆசிரியர் பக்கத்தில் ஆட்சேபம் எழுதியது.

சரி, உண்மையான ஊசி என்றால்? 1996இல் வந்த இன்னோர் ஆய்வில் ஆரோக்கியமான முதிய ஆண்களுக்குத் தசை கூடியது, பலம் கூடவில்லை. 2007இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டது, சுமார் இரண்டு கிலோ தசையும், கூடவே வீக்கமும் மூட்டு வலியும். இரத்தத்தில் சீனி ஏறும் அபாயமும் உண்டு. நம் வீடுகளில் சீனி வருத்தம் இல்லாத வீடு எத்தனை? இந்த ஹோர்மோன் உடலில் குறைவாகச் சுரக்கும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இது நல்ல மருந்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் முதுமையைத் தடுக்கவென்று விநியோகிப்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம்.

மாதிரியைச் சரியாகப் பார்க்காததால் நல்ல மருந்து கெட்ட பெயர் எடுத்த கதையும் உண்டு. மாதவிடாய் நின்ற 16,608 பெண்களுக்கு ஈஸ்ட்ரஜன், புரஜஸ்டின் கூட்டு மருந்தைச் சோதித்த அமெரிக்க ஆய்வு, 2002இல் இடையில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக் கட்டி சற்று அதிகரித்தன. இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. செய்தி வந்ததும் உலகமெங்கும் பெண்கள் மருந்தை விட்டார்கள். ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. உடல் கொதித்துத் தூக்கமின்றித் தவிக்கும் ஐம்பது வயதுப் பெண்ணின் கணக்கு வேறு. அறுபதுக்குக் கீழே, அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், வேறு தடை இல்லாதவர்களுக்கு நன்மையே பொதுவாக அதிகம் என்பது இன்றைய வைத்திய சங்கங்களின் நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் டொக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

அடுத்த சரக்கு ஸ்டெம் செல். இரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மச்சை மாற்றுவது பல்லாண்டு நிரூபணமான ஸ்டெம் செல் வைத்தியம். அந்தப் பெயரைக் கடன் வாங்கி முழங்காலுக்கும் முகத்துக்கும் கண்ணுக்கும் விற்கிறார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் மூன்று பெண்கள், தம் வயிற்றுக் கொழுப்பில் எடுத்த கலங்களை இரண்டு கண்களிலும் ஏற்றிக்கொண்டு பார்வையைப் பெருமளவு இழந்தது 2017இல் வெளியானது. ஆளுக்கு 5,000 டொலர் கட்டியிருந்தார்கள். ஆய்வில் பங்கேற்பதாக நம்பிப் போனவரும் அவர்களில் உண்டு. முறையான ஆய்வில் சேருபவரிடம், சோதிக்கும் மருந்துக்கு வழக்கமாகக் காசு வாங்குவதில்லை.