ஸ்பேம் கால் தொல்லை: நம்பரையே மாத்திடலாமா?



"சார், ஒரு நாளைக்குப் பத்து லோன் கால் வருது. நம்பரை மாத்திடட்டுமா?" போன வாரம் பெரம்பலூர்ல நம்ம ஆபீஸுக்கு வந்த ஒரு தம்பி கேட்டார். அவருக்கு நான் சொன்னது, அரியலூர்ல சிமெண்ட் ஆலையில வேலை பார்க்கிற இன்னொரு கிளையண்ட்டோட கதை.

அவர் இதே கடுப்புல பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுட்டு புது நம்பர் வாங்கினார். பேங்க்ல மட்டும் மாத்தினார், ஆதார்ல மாத்தலை. அப்பாவோட ஆபரேஷனுக்கு ஆன்லைன்ல பிஎஃப் அட்வான்ஸ் போடும்போது, ஓடிபி பழைய நம்பருக்குப் போயிடுச்சு. ஆதாரைச் சரி பண்ணி பணம் கைக்கு வர ஒரு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் 80,000 ரூபாயை நூத்துக்கு 3 ரூபாய் வட்டிக்கு வாங்கினார். ஒரு மாச வட்டி மட்டும் 2,400 ரூபாய்!

புது நம்பர் உண்மையிலேயே புதுசா?

பல நேரம் இல்லைங்க. மூடின நம்பரை குறைஞ்சது 90 நாள் கழிச்சு வேற ஒருத்தருக்குக் கொடுக்கலாம். அதனால உங்க புது நம்பருக்கு, அதை முன்னாடி வச்சிருந்தவர் கட்டாத கடனுக்கு கால் வரலாம். உங்க பழைய நம்பர் யார் கைக்கோ போய், உங்க ஓடிபி அவருக்குப் போகலாம்.

முதல்ல இதைப் பண்ணுங்க

1. 1909-க்கு ஆங்கிலத்துல 'ஸ்டார்ட் 0'ன்னு எஸ்எம்எஸ் அனுப்புங்க. விளம்பர அழைப்புகளுக்கு இதுதான் டிஎன்டி. பேங்க் ஓடிபி இதனால நிக்காது.

2. அதுக்கு அப்புறமும் விளம்பர கால் வந்தா, 7 நாளுக்குள்ள டிராய் டிஎன்டி ஆப்ல புகார் பண்ணுங்க. மோசடி மாதிரி தெரிஞ்சா சஞ்சார் சாத்தி தளத்துல சொல்லுங்க. பணமே போயிட்டா உடனே 1930.

3. 140-ல ஆரம்பிச்சா விளம்பரம். பேங்க், இன்சூரன்ஸ் கம்பெனிகளோட சேவை அழைப்புக்கு 1600 வரிசை. எந்த நம்பர்ல வந்தாலும் ஓடிபி சொல்லாதீங்க.

4. கடை பில், லக்கி டிரா, லோன் ஆஃபர் ஃபார்ம் இதுக்கெல்லாம் தனியா ஒரு ரெண்டாவது நம்பர் கொடுங்க.

டிஎன்டி போட்டா மோசடிக்காரன் நிறுத்த மாட்டான், உண்மைதான். ஆனா அவன் புது நம்பருக்கும் வருவான்.

எப்போ மாத்தலாம்?

மிரட்டல், தொடர் தொந்தரவுன்னு நிலைமை போனா முதல்ல போலீஸ் புகார், அப்புறம் மாத்துங்க. ஆனா வரிசை முக்கியம். பழைய சிம் வேலை செய்யும்போதே ஆதார் (கட்டணம் 75 ரூபாய்), பேங்க், யுபிஐ, பிஎஃப், வருமான வரி தளம், மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ், கேஸ் கனெக்‌ஷன்னு ஒவ்வொண்ணா மாத்துங்க. பழைய சிம்மை ஒரு பழைய போன்ல போட்டு, ஒரு ரிட்டர்ன் ஃபைலிங் சீசன் முடியிற வரைக்கும் ரீசார்ஜ் பண்ணி வைங்க. எதை மறந்தீங்கன்னு அதுல வர்ற மெசேஜே சொல்லிடும்.

அந்தத் தம்பி நம்பரை மாத்தலை, டிஎன்டி போட்டுட்டுக் கிளம்பினார். நீங்களும் இன்னைக்கே அந்த ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிடுங்க. ஆதார்ல எந்த நம்பர் இருக்குன்னும் ஒரு தடவை பார்த்துடுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்!