உஷார்! தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டினால் இன்ஜின் போய்விடும்

உங்கள் பழைய காரின் டெம்பரேச்சர் முள் இந்த மாதத்தில் இரண்டாவது தடவையாகச் சிவப்பைத் தொட்டுவிட்டதா? காரணம் தெரியும்வரை அந்த வண்டியை வெளியே எடுக்காதீர்கள். மாருதி 800, ஜென், சான்ட்ரோ, அம்பாசிடர் எதுவானாலும் சரி. ‘தண்ணி குறைஞ்சிருக்கும் சார், ஊத்தினா சரியாயிடும்’ என்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்த ஒரு பேச்சை நம்பித்தான் பலருடைய இன்ஜின் போகிறது. ரேடியேட்டரும் ஹோஸும் இன்ஜினும் சேர்ந்த மூடிய சுற்று அது. நேற்று நிரப்பியது இன்று குறைந்திருந்தால், எங்கேயோ ஒழுகுகிறது. இல்லை, சிலிண்டருக்குள் புகுந்து ஆவியாகிறது.

முதலில் கையையும் முகத்தையும் காப்பாற்றுங்கள். சென்னைப் புறநகரில் பல்லாவரத்திலிருந்து திருநீர்மலை வரும் சாலையில், அக்னி நட்சத்திர மதியத்தில் நெரிசலில் மாட்டினால் பழைய வண்டி கொதிக்க நேரம் ஆகாது. உடனே பலர் பானெட்டைத் தூக்கி, ஈரத்துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகுவார்கள். கூடவே கூடாது! அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கிறது. மூடி கழன்ற நொடியில் கொதிநீரும் ஆவியுமாக முகத்தில் அடிக்கும். துணியெல்லாம் அதைத் தடுக்காது. இன்ஜினை நிறுத்திவிட்டு அரை மணி நேரமாவது விலகி நில்லுங்கள். சூடு ஆறுவதற்குள் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். விரலை உள்ளே விடாதீர்கள். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள்; பேஸ்ட்டும் இங்க்கும் வேண்டாம். முகத்திலோ கண்ணிலோ பட்டிருந்தால் தண்ணீர் விட்டபடியே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஆபத்து இன்னொன்று. மேலே ஏறிய முள் தானாகச் சடாரென்று கீழே இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில் முழுகியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் முள் பொய் சொல்லும். ‘ஆறிடுச்சு’ என்று ஆக்சிலேட்டரை மிதித்தால், அதற்குப் பிறகு வரும் சில நிமிடங்களில் அலுமினிய ஹெட் வளைந்துவிடும், கேஸ்கட் பிய்யும். ஆயிலை நிரப்பும் மூடியின் அடியில் பால் கலந்த காபி மாதிரி பிசுபிசுப்பு, சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை, காலையில் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகுவது: இவற்றில் எதைப் பார்த்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு டோவிங்கைக் கூப்பிடுங்கள். கேஸ்கட் மட்டும் போயிருந்தால் மாற்றலாம். அதோடு தொடர்ந்து ஓட்டினால் ஹெட்டை லேத்தில் ஃபேஸிங் போட வேண்டி வரும், பிறகு இன்ஜினையே இறக்க வேண்டி வரும்.

திரும்பத் திரும்பச் சூடாகும் வண்டியில் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: எப்போது சூடாகிறது? பெரும்பாலோர் ‘ஹீட் ஆகுது’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவரும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கிறார். குரோம்பேட்டை சிக்னலில் நிற்கும்போது ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் காற்று போதவில்லை. ஃபேன், அதன் ரிலே, ஃபேன் சுவிட்ச், ரேடியேட்டருக்கு முன்னால் அடைத்திருக்கும் புழுதி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு பொருத்திய ஏசி இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். இரும்புலியூரில் பைபாஸ் ஏறி வேகம் பிடித்த பிறகு சூடேறினால் தண்ணீர் ஓடவில்லை. உள்ளே அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட், வேகத்தில் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ் இவையே காரணமாக இருக்கும். நின்றாலும் ஓடினாலும் ஏறினால் ஒழுகலோ கேஸ்கட்டோ. பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லி, அவர் செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ரேடியேட்டர் மூடியையும் மறக்காதீர்கள். ரப்பர் செத்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. மலிவான பாகம்தான் அது.

‘தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டா பிரச்சினையே இல்ல’ என்ற வைத்தியத்துக்கும் உஷார். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலேயே சுற்றிவந்து சூடு இன்னும் ஏறும். ஒழுகலை அடைக்க மஞ்சள் தூள் போடும் பழக்கமும் அப்படித்தான். அந்த ஓட்டையோடு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அது அடைக்கும்.

நம் பக்கத்துக்காரர்கள் தண்ணீர் விஷயத்தில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். பல்லாவரம், குரோம்பேட்டை, நாகல்கேணிப் பட்டையில் பல பத்தாண்டுகளாகத் தோல் பதனிடும் தொழில் நடந்திருக்கிறது. நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருக்கிறது. வாளியில் உப்புப் படிவதைப் பார்க்கிறோம். அதே போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே அதே படிவுதான், அலுமினியத்தையும் அரிக்கும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டுமே ஊற்றுங்கள். கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் அதில் மேலும் தண்ணீர் சேர்க்காதீர்கள். அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்த வாரமே வடித்துக் கழுவிவிடுங்கள்.

15 வயது தாண்டிய காருக்கு மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதைக் கட்டியும் வைத்திருக்கிறோம் என்றால் அந்த வண்டி மீது பாசம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்தப் பாசத்தில் கொஞ்சத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூலன்ட் மாற்றுவதில் காட்டுங்கள்.

பைபாஸில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து, ஹஸார்டு லைட் போட்டு இடது ஓரம் ஒதுக்குங்கள். குழந்தைகளை இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிற்க வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. இன்னொன்று: கூலன்ட் மாற்றும்போது வடித்ததைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், தெருவிலும் கொட்டாதீர்கள். பெரும்பாலான கூலன்டில் இருக்கும் எத்திலின் கிளைக்கால் இனிக்கும் விஷம். நாய் நக்கினாலும் குழந்தை குடித்தாலும் சிறுநீரகம் செயலிழக்கலாம். குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டது என்றால்கூட வாந்தி எடுக்க வைக்க முயலாமல், கூலன்ட் கேனையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.