வியர்க்காத உடலும் ஒரு வழக்கும்

2011 ஜூலை மாதம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகரை ஒட்டியுள்ள ஹட்சின்ஸ் சிறையில், 58 வயதுக் கைதி ஒருவருக்கு நள்ளிரவு தாண்டி வலிப்பு வந்தது. மருத்துவமனையில் அவர் உடல் வெப்பத்தை அளந்தபோது 109.4 டிகிரி ஃபாரன்ஹீட். நம் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் 103-ஐத் தொட்டாலே ஆட்டோவைத் தேடி ஓடுவோம். காசோலை தொடர்பான குற்றத்துக்காக அவருக்கு 11 மாதத் தண்டனை. அந்தச் சிறைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சில நாட்களில் இறந்துபோனார். அந்த ஒரே கோடையில் டெக்சாஸ் சிறைகளில் வெப்பத்துக்குப் பலியானவர்கள் பத்துப் பேர் இருக்கும்.

அவரை யாரும் அடிக்கவில்லை. பட்டினி போடவில்லை. உடலில் காயத்தின் தடமே கிடையாது. ஊருக்கெல்லாம் அடித்த அதே வெயில்தான் சிறைக்குள்ளும் அடித்தது. அப்படியிருந்தும் அந்த மரணத்தை அரசின் மீதான குற்றச்சாட்டாக மாற்றி நீதிமன்றத்தில் நிறுத்த முடிந்திருக்கிறது. வழக்கறிஞர்களின் திறமை ஒருபக்கம் இருக்கட்டும். வியர்வையைப் பற்றி உடலியங்கியல் சேர்த்துவைத்திருந்த அறிவு இல்லாமல் இது நடந்திருக்காது.

சும்மா படுத்துக் கிடக்கும் மனித உடலே, பழைய குண்டு பல்பு ஒன்றைப் போல, 80 முதல் 100 வாட் வரை வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருக்கிறது. அந்த வெப்பம் வெளியேறியாக வேண்டும். சுற்றியுள்ள காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை கவலையில்லை, அது தானாகவே வெளியேறிவிடும். தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி செல்சியஸ். காற்று அதைத் தாண்டிவிட்டால் போக்கு தலைகீழாகிறது. காற்றிலிருந்து வெப்பம் உடலுக்குள் வருகிறது. அப்போது உடலுக்கு மிஞ்சும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கணக்குப் போட்டால், படுத்திருப்பவர் உண்டாக்கும் வெப்பத்தை வெளியேற்ற மணிக்கு 150 மில்லி அளவு வியர்வையே போதும். இத்தனை சிக்கனமான குளிரூட்டியை எந்தப் பொறியாளரும் இன்றுவரை செய்ததில்லை.

ஆனால் வியர்வை ஆவியாக வேண்டும். முதுகில் வழிந்து பாயை நனைக்கும் வியர்வையால் பயனில்லை. காற்றில் ஈரப்பதம் ஏறிவிட்டால் ஆவியாதல் மந்தமாகிவிடும். மே மாதத்துச் சென்னைப் புழுக்கத்தை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த இரட்டைத் தாக்குதலை அளக்கத்தான் வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிப் பார்க்கிறார்கள். அந்த ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியை எட்டினால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டார் என்று ஷெர்வுட், ஹூபர் என்ற இரு விஞ்ஞானிகள் 2010-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். பிறகு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் திடமான இளைஞர்களையே சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்தபோது எல்லை இன்னும் கீழே இருந்தது. ஈரமான சூழலில் சுமார் 31 டிகிரியிலேயே உடல் சமநிலையை இழக்கத் தொடங்கியது.

இது திடகாத்திரமான உடலின் கதை. சிறையில் இருப்பவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம், மனநோய் என்று ஏதாவது ஒன்று இருக்கிறது. அதற்கு மருந்து சாப்பிடுகிறார்கள். விஷயம் இங்கேதான் ஆழமாகிறது.

நெருக்கடி நேரத்தில் நம் உடலை இயக்குவது பரிவு நரம்பு மண்டலம். இதயத்தை விரைவுபடுத்த வேண்டுமா, ரத்தக்குழாயைச் சுருக்க வேண்டுமா, பெரும்பாலான இடங்களில் அது நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்துதான் கட்டளை கொடுக்கிறது. வியர்வைச் சுரப்பிகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்கான கட்டளை அசிட்டைல்கோலின் என்ற வேறொரு பொருள் வழியாகப் போகிறது. பரிணாமம் ஏன் இப்படி ஒரு தனி வழி வைத்தது என்பது ஒருபுறம் இருக்க, அதன் விளைவு கடுமையானது. மனச்சிதைவுக்குத் தரும் சில மருந்துகள், அவற்றின் பக்கவிளைவான கை நடுக்கத்தைத் தடுக்கத் தரும் மருந்துகள், மனச்சோர்வுக்கான பழைய தலைமுறை மாத்திரைகள் ஆகியவை அசிட்டைல்கோலினைத் தடுக்கின்றன. மனதுக்காகச் சாப்பிட்ட மாத்திரை வியர்வையின் குழாயையும் மூடிவிடுகிறது. அப்படிப்பட்ட கைதிக்கு உடம்பு கொதிக்கும், தோல் உலர்ந்தே இருக்கும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர் மாத்திரை வேறு வகையில் கெடுதல் செய்கிறது: வியர்வைக்குத் தேவையான நீரையும் உப்பையும் சிறுநீர் வழியே முன்கூட்டியே வெளியேற்றிவிடுகிறது. ஹட்சின்ஸ் சிறையில் இறந்தவர் இந்த வகை மாத்திரையைத்தான் சாப்பிட்டுவந்தார். (இப்படி மருந்து எடுப்பவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் தாமாக நிறுத்த வேண்டாம், கோடை தொடங்கும்போது மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.)

ஹட்சின்ஸில் இறந்தவருக்கு இன்னொரு பாதகமும் இருந்தது. உடல் வெயிலுக்குப் பழகும். அதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். அந்த நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, அதில் வீணாகும் உப்பு குறைகிறது. அவரோ குளிர்சாதனம் உள்ள மாவட்டச் சிறையிலிருந்து நேராகக் கொதிக்கும் கூடத்துக்கு மாற்றப்பட்டவர். டெக்சாஸில் மாவட்டச் சிறைகளின் அறை வெப்பம் 65-க்கும் 85 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் இடையில் இருந்தாக வேண்டும் என்று மாநில விதியே இருக்கிறது. தண்டனை பெற்று மாநிலச் சிறைக்குப் போகிறவருக்கு அந்த விதி கிடையாது. ஒரே மாநிலம், அதே மனிதர், அதே உடல். வண்டியிலிருந்து இறங்கிய வாசல்தான் வேறு.

அந்த வாசலுக்குள் இருப்பது கான்கிரீட்டும் இரும்பும். பகல் முழுதும் வெப்பத்தை உள்வாங்கும் சுவர் இரவு முழுதும் அதை வெளியே விடுகிறது. அதனால் சூரியன் மறைந்தும் உடலுக்கு ஓய்வில்லை. கைதிகள் கட்டிலை விட்டு இறங்கி, தரையில் தண்ணீரை ஊற்றி அதில் படுத்துக்கொள்கிறார்கள். கழிப்பறைத் தொட்டித் தண்ணீரைக்கூடத் தரையில் வழியவிட்டவர்கள் உண்டு. மின்விசிறி இருக்கிறதே என்று நிர்வாகம் சொன்னது. தோலைவிடச் சூடான காற்றை வீசும் விசிறி, நன்றாக வியர்க்கக்கூடியவருக்கு ஓரளவு உதவும். வியர்வை வற்றிய முதியவருக்கும் மருந்து சாப்பிடுபவருக்கும் அது சூட்டை மேலும் ஏற்றும்.

தண்ணீரை நிறையக் குடியுங்கள் என்பது அடுத்த அறிவுரை. ஹூஸ்டனுக்கு வடமேற்கே நவசோட்டா அருகில் பேக் சிறை என்று ஒன்று உண்டு. முதியவர்களும் நோயாளிகளுமாக ஏறக்குறைய 1,400 பேர் அடைபட்டிருந்த இடம். அங்கே குழாய்த் தண்ணீரில் ஆர்சனிக் இருந்தது, அனுமதிக்கப்பட்ட அளவைப்போல இரண்டு முதல் நாலரை மடங்கு வரை. வெயிலிலிருந்து தப்பிக்க எதை அள்ளி அள்ளிக் குடிக்கச் சொன்னார்களோ, அதிலேயே நஞ்சு. 2016-இல் கூட்டாட்சி நீதிபதி கீத் எலிசன் நல்ல தண்ணீர் தரும்படி உத்தரவிட வேண்டியிருந்தது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். கொடூரமான, வழக்கத்துக்கு மாறான தண்டனை கூடாது என்கிறது அமெரிக்க அரசியல் சாசனத்தின் எட்டாவது திருத்தம், 1791-இல் வந்தது. அரசு அதிகாரி ஒருவர் உரிமையைப் பறித்தால் அவர்மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்பது 1871-ஆம் ஆண்டுச் சட்டம். உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கு கிளக்ஸ் கிளான் கும்பல் வேட்டையாடியதைத் தடுக்கப் பிறந்தது அது. இரண்டையும் இணைத்து ஒரு கைதி வழக்குப் போட்டார். 1973-இல் டெக்சாஸ் சிறையில் லாரியிலிருந்து பருத்திப் பொதி இறக்கும்போது ஒரு பொதி அவர்மேல் விழுந்தது. முதுகுவலிக்குச் சரியான சிகிச்சை இல்லை என்று கைப்பட எழுதிய மனு உச்ச நீதிமன்றம்வரை போனது. எஸ்டெல் எதிர் கேம்பிள் என்ற அந்த வழக்கில் 1976-இல் நீதிபதி தர்குட் மார்ஷல் எழுதிய தீர்ப்பு, கைதியின் கடுமையான மருத்துவத் தேவையை அறிந்தும் அலட்சியம் செய்வது அரசியல் சாசன மீறல் என்று முதன்முதலாக நிலைநாட்டியது. மனு எழுதியவர் தம் வழக்கில் தோற்றார். பலமுறை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்களே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு சிறை மருத்துவ வழக்கும் அவர் தோற்ற வழக்கின்மேல்தான் நிற்கிறது.

"அறிந்தும்" என்ற நிபந்தனைதான் கடினமான பூட்டு. 1994-இல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கியது: ஆபத்தை அதிகாரி தெரிந்திருக்க வேண்டியது என்று காட்டினால் போதாது, உண்மையிலேயே தெரிந்திருந்தார் என்று நிறுவ வேண்டும். இரண்டு வருடம் கழித்து வந்த சிறை வழக்குச் சீர்திருத்தச் சட்டம், சிறைக்குள் இருக்கும் புகார் முறையை முழுதும் முடித்துவிட்டுத்தான் நீதிமன்றம் வரலாம் என்றது. வெப்பத்தில் மயங்கிக் கிடப்பவர் படிவம் நிரப்பி, கெடுவுக்குள் கொடுத்து, பதிலுக்குக் காத்திருந்து, மேல்முறையீடும் செய்ய வேண்டும்.

பேக் சிறைக் கைதிகள் 2014-இல் போட்ட வழக்கில் அந்தப் பூட்டைத் திறந்தது அரசின் சொந்தக் கோப்புகளே. எந்த மருந்து சாப்பிடுபவருக்கு வெயில் ஆகாது என்ற பட்டியல் சிறைத்துறையிடம் இருந்தது. அவர்களை வெயிலில் வேலைக்கு அனுப்பக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. ஆனால் அவர்கள் இரவும் பகலும் படுத்திருக்கும் கூடத்தின் சூட்டைப் பற்றிப் பேச்சில்லை. முந்தைய ஆண்டுகளின் மரணங்கள் கோப்பில் இருந்தன. 2013-இல் அதே துறை தன் பண்ணைப் பன்றிகளுக்காக, வெப்பம் தணிக்கும் வசதியுள்ள கொட்டகைகளை 7,50,000 டாலருக்கு வாங்கியிருந்தது. உயிருக்கு வெப்பம் என்ன செய்யும் என்று தெரியாத துறை அதைச் செய்திருக்காது.

2017 ஜூலையில் நீதிபதி எலிசன், நோயாளிக் கைதிகளை, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீடு 88 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகாத இடத்தில் வைக்க உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு அரசு சமரசத்துக்கு வந்து பேக் சிறைக்குக் குளிர்சாதனம் போட்டது. 2 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று முன்பு சொன்ன வேலை ஏறத்தாழ 40 லட்சத்தில் முடிந்தது. அதை எதிர்த்து வழக்காடச் செலவழித்தது சுமார் 70 லட்சம் டாலர்.

அது ஒரு சிறை. மற்றவற்றில் 2012-க்குப் பிறகு வெப்பத்தால் யாரும் இறக்கவில்லை என்று சிறைத்துறை பல ஆண்டுகள் சொல்லிவந்தது. இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்றிருந்தால் அது மாரடைப்புதான். இங்கே கைகொடுத்தது தொற்றுநோயியல். ஆய்வாளர் ஜூலி ஸ்கார்ஹாவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2001 முதல் 2019 வரையிலான டெக்சாஸ் சிறை மரணங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கைதியை இன்னொரு கைதியோடு ஒப்பிட்டால் வயது, நோய், மருந்து எல்லாம் குறுக்கே வரும். ஆகவே இறந்தவரை அவரோடேயே ஒப்பிட்டார்கள்: அவர் இறந்த நாளின் வெப்பம் என்ன, அவர் பிழைத்திருந்த அதே காலத்து வேறு நாட்களின் வெப்பம் என்ன? வயதும் நோயும் இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் கழிந்துபோகின்றன. வெயில் மட்டும் மிஞ்சுகிறது. 2022-இல் வெளியான முடிவின்படி, குளிர்சாதனம் இல்லாத சிறைகளில் கோடை மரணங்களில் சுமார் 13 சதவீதம், அதாவது 271 மரணங்கள், கடும் வெப்ப நாட்களோடு தொடர்புடையவையாக இருக்கலாம். குளிர்சாதனம் உள்ள சிறைகளில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. எந்தச் சான்றிதழிலும் எழுதப்படாத ஒரு காரணத்தை, நாட்காட்டியையும் வெப்பநிலைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே கண்டெடுத்திருக்கிறார்கள். அந்த 271 பேரில் இன்னார் இன்னார் என்று விரல் நீட்ட முடியாது. ஆனால் அவர்கள் இருந்தார்கள்.

மாநிலம் முழுவதற்குமான அடுத்த வழக்கில், 2025 மார்ச் மாதம் நீதிபதி ராபர்ட் பிட்மன் டெக்சாஸ் சிறைகளின் வெப்பம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று ஐயத்துக்கிடமின்றி எழுதினார். உடனடியாகத் தற்காலிகக் குளிர்சாதனம் பொருத்தும்படி உத்தரவிடவில்லை. நிரந்தர ஏற்பாட்டுக்கு விசாரணை நடக்கட்டும் என்றார். அப்போது அந்த மாநிலச் சிறைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் கைதிகள் தங்கும் கூடங்களுக்கு முழுமையான குளிர்சாதனம் கிடையாது. பணத்தையும் காலத்தையும் எண்ணி நீதிமன்றம் தயங்கியதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மீறல் என்று எழுதிய பிறகும் இன்னொரு கோடையை அந்தக் கூடங்களில் கழிக்கச் சொல்வது, தீர்ப்பு தராத தண்டனையைக் கூட்டிக் கொடுப்பதுதான். டெக்சாஸ் இதற்காகப் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்க வேண்டாம். மாவட்டச் சிறைகளுக்கு அது வகுத்துவைத்திருக்கும் 85 டிகிரி விதியை மாநிலச் சிறைகளுக்கும் நீட்டினால் போதும்.