உங்களுக்குத் தெரியுமா? விரைந்து பூட்டிய நகரம் பிழைத்தது

● 1918 செப்டம்பர் 28. இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தபோதே, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் போருக்கு நிதி திரட்டும் ஊர்வலத்துக்கு ஏறத்தாழ 2 லட்சம் பேர் திரண்டனர். சில நாட்களில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன.

● அதே நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரமோ, பொதுமக்களிடம் நோய் தென்பட்ட இரண்டே நாளில் பள்ளிகளையும் திரையரங்குகளையும் மூடத் தொடங்கியது.

● நோய் உச்சத்தில் இருந்த வாரத்தில் இந்தக் காய்ச்சலாலும் நிமோனியாவாலும் நேர்ந்த கூடுதல் மரணங்கள், ஒரு லட்சம் பேருக்கு: பிலடெல்பியாவில் 257, செயின்ட் லூயிஸில் 31. இன்ஃப்ளூயன்சாவுக்குப் பயனுள்ள தடுப்பூசியோ மருந்தோ இல்லாத காலம் அது!

● இன்ஃப்ளூயன்சா வைரஸின் மரபுப்பொருள் 8 துண்டுகளால் ஆனது. இரு வகை வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் புகுந்தால் துண்டுகள் கலந்து புதுவகை பிறக்கலாம். 1957, 1968 கொள்ளைநோய்களின் வைரஸ்கள் பறவை வைரஸும் மனித வைரஸும் கலந்து உருவானவை.

● வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால், உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசிக்கான வகைகளைப் பரிந்துரைக்கிறது.

● நாம் செய்யக்கூடியவை: காய்ச்சல் வந்தால் வீட்டிலேயே ஓய்வெடுப்போம். இருமும்போது வாயை மூடுவோம். சோப்பால் கை கழுவுவோம். முதியவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. மூச்சுத் திணறினால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.